மும்பையிலிருந்து டஸ்கனிக்கும் உம்பிரியாவுக்கும்: விசா முதல் வாடகைக் கார் வரை

ரோம், வெனிஸ், மிலான் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் ஓடி முடிக்கும் பேக்கேஜ் மும்பையில் எந்தப் பயண முகவரிடமும் கிடைக்கும். இத்தாலியின் நடுப்பகுதியான டஸ்கனி, உம்பிரியா பிராந்தியங்களில், குன்றுகளின் மேல் மதில் சூழ நிற்கும் பழைய ஊர்களையும், அவற்றுக்கிடையே பரந்து கிடக்கும் திராட்சை, ஒலிவத் தோட்டங்களையும் நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர் பெரும்பாலும் எல்லாவற்றையும் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வாறு ஏற்பாடு செய்வதற்காக நானும் பல வாரங்கள் அலைந்திருக்கிறேன். செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதல்முறையாகப் போகும்போது அதே அலைச்சலைப் படாமலிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். படிகளை இங்குள்ள வரிசையிலேயே செய்யுங்கள். இந்தப் பயணத்தில் செலவும் சிக்கலும் பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான் வருகின்றன.

1. இரவுக் கணக்கை முதலில் எழுதுங்கள்

விமான டிக்கெட் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் தேதி, அன்றிரவு தங்கும் ஊர், தங்குமிடத்தின் முகவரி, அடுத்த ஊருக்குப் போகும் வழி என நான்கு பத்திகள் போட்டு நிரப்புங்கள். விசா விண்ணப்பத்தில் பயணத் திட்டமாக இணைக்கப்படுவதும், காப்பீட்டின் தேதிகளைத் தீர்மானிப்பதும், எந்த நாட்டிடம் விசா கேட்க வேண்டும் என்பதைச் சொல்வதும் இந்தத் தாள்தான். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதியான ஷெங்கனின் விதிப்படி, அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்; இரண்டு நாடுகளில் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். வந்தது வந்தோம், சுவிட்சர்லாந்தையும் பார்த்துவிடலாம் என்று ஐந்து இரவுகளைச் சேர்த்து, இத்தாலிக்கு நான்கை மட்டும் விட்டுவைத்தால், இத்தாலியிடம் விண்ணப்பிப்பது முறையாகாது.

ஊர்களைக் குறைத்து, ஒவ்வோர் ஊரிலும் இரவுகளைக் கூட்டுங்கள். ஒன்பது இரவுகள் இருந்தால் ஃபிளாரன்ஸில் மூன்று, சியேனாவிலோ அதைச் சுற்றிய கிராமப்புறத்திலோ மூன்று, அசிசியில் இரண்டு, திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ரோமில் ஒன்று என்பது பெரியவர்களோடும் குழந்தைகளோடும் போகிற குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய கணக்கு. ஃபிளாரன்ஸிலிருந்து லூக்காவையும் பீசாவையும், அசிசியிலிருந்து பெருஜாவையும் ஸ்பெல்லோவையும் பகலில் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். தினம் ஓர் ஊர் என்று மாறினால், பெட்டியைக் கட்டுவதும் குன்றின் மேல் அதை இழுப்பதுமாகவே பயணம் கழியும்.

2. மாதம்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரையும், செப்டம்பர், அக்டோபரும் ஏற்ற காலங்கள். மும்பைப் பள்ளிகளின் கோடை விடுமுறை முதலாவதோடு பொருந்துவது நம் நல்ல காலம். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகியவை அங்கே அரசு விடுமுறைகள் என்பதால் அவற்றை ஒட்டிய நாட்களில் கூட்டமும் அறை வாடகையும் ஏறும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் மே மாதத்தை ஒத்திருக்கும். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிச் சிறு ஊர்களில் பல கடைகள் மூடப்பட்டிருக்கும். சியேனாவில் பாலியோ குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய தேதிகளில் நடப்பதால், அதைப் பார்ப்பது நோக்கமல்ல என்றால் அந்த வாரங்களில் அங்கே அறை எடுக்க வேண்டாம்.

3. பெயரும் முகவரியும்: தமிழர்களுக்கு உரிய சிக்கல்

பொதுவான பயணக் குறிப்புகளில் இந்தப் படி இருப்பதில்லை. நமக்கோ இதுதான் அதிக நேரம் எடுப்பது. நம்மில் பலருக்கு வங்கிக் கணக்கில் இனிஷியலோடு ஒரு பெயர், பான் அட்டையில் தந்தை பெயர் விரித்தெழுதப்பட்ட பெயர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக விடப்பட்ட பெயர் என மூன்று வடிவங்கள் இருக்கும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் கடைசிப் பெயர் வேறாக இருப்பதால், இவர்கள் ஒரே குடும்பம் என்பது வெளிநாட்டு அதிகாரிக்குக் காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

ஆகவே டிக்கெட், காப்பீடு, தங்குமிடப் பதிவு ஆகிய மூன்றும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளின்படியே இருக்கட்டும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள், குடும்பப் பெயர்க் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றுகிறது. வங்கி அறிக்கையில் பெயர் மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன் செய்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இணையுங்கள். கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் அல்லது மனைவியின் பெயர் சேர்க்கப்படாமல் இருந்தால் திருமணச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் வாங்கிய பழைய திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில் மட்டும் இருக்கும். அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்புக் கடிதத்தில், தமிழர் வழக்கப்படி தந்தை பெயரே கடைசிப் பெயராக வருகிறது என்று இரண்டு வரி எழுதி, யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் குறித்துவிடுவது நல்லது.

அடுத்தது முகவரி. நீங்கள் சட்டப்படி எங்கே வசிக்கிறீர்களோ அந்த எல்லைக்குரிய தூதரகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டில் திருநெல்வேலி முகவரியை வைத்துக்கொண்டு மும்பையில் வசிப்பவர்கள், பதிவு செய்யப்பட்ட லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, மும்பை முகவரியுள்ள ஆதார், சொசைட்டி கொடுக்கும் கடிதம் ஆகியவற்றில் இயன்றவரை எல்லாவற்றையும் வைக்க வேண்டும். கும்பகோணத்தில் வசிக்கும் பெற்றோரை மும்பைக்கு வரவழைத்து உங்களோடு சேர்த்து விண்ணப்பிக்கலாம் என்று எண்ணியிருந்தால், அவர்கள் வசிக்கும் எல்லைக்கு எந்த மையம் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

4. விசா: காகிதங்கள், கட்டணம், காலம்

மும்பையில் இத்தாலியின் துணைத் தூதரகம் இருக்கிறது. விண்ணப்பங்களை அதன் சார்பில் விஎஃப்எஸ் மையம் பெற்றுக்கொள்கிறது. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல 15 நாள் எடுத்துக்கொள்வார்கள். கூடுதல் ஆய்வு தேவை என்று கருதினால் 45 நாள் வரை நீளலாம். அவ்வளவு நாளும் கடவுச்சீட்டு அவர்களிடம் இருக்கும் என்பதால் இடையில் வேறு வெளிநாட்டுப் பயணம் வைக்காதீர்கள். மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே நேரப்பதிவு தேடத் தொடங்குவது பாதுகாப்பானது. நேரம் பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம்.

கடவுச்சீட்டு, ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், இரண்டு பக்கங்களாவது காலியாகவும் இருக்க வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ தொகைக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும் பொருந்த வேண்டும். விமானம் தாமதமாகும் சாத்தியத்தை எண்ணி முன்னும் பின்னும் சில நாட்களைச் சேர்த்து எடுப்பது நல்லது. அதற்காகும் கூடுதல் பணம் சொற்பம்.

தங்குமிடச் சான்றில் பலர் கவனிக்காத ஒரு குறை உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் முதன்மை விருந்தினர் பெயர் மட்டும் அச்சாகி, மற்றவர்கள் “மூன்று பேர்” என்ற எண்ணிக்கையில் அடங்கிவிடுவார்கள். எல்லாப் பெயர்களையும் சேர்த்து உறுதிக் கடிதம் அனுப்பும்படி தங்குமிடத்துக்கு எழுதுங்கள். விசா கையில் வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையும் டிக்கெட்டுகளையும் மட்டும் எடுங்கள். போலிப் பதிவுத் தாள் அச்சிட்டுத் தரும் ஆட்கள் ஊரில் உண்டு; அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பணச் சான்றாக வங்கி முத்திரையிட்ட கணக்கு அறிக்கை வேண்டும். மூன்று மாதம் கேட்கப்படும் இடத்திலும் ஆறு மாதத்துக்கு எடுத்துப் போங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெரிய தொகை ஒன்று கணக்கில் வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் தாள் வையுங்கள். இவற்றோடு வருமான வரிக் கணக்குகள். சம்பளக்காரர்களுக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டும் விடுமுறைக்கு அனுமதி தரும் அலுவலகக் கடிதமும். கடை வைத்திருப்பவர்களுக்குக் கடைப் பதிவுச் சான்றான குமாஸ்தா லைசென்ஸும் ஜிஎஸ்டி பதிவும். ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதிய ஆணை. பெற்றோரின் செலவை நீங்கள் ஏற்றால் அதைச் சொல்லும் கடிதமும் உங்கள் கணக்கு அறிக்கையும் அவர்கள் கோப்பில் தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொருவர் கோப்பும் தனித்து நிற்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். தாய் தந்தையரில் ஒருவரோடு மட்டும் பயணம் செய்யும் குழந்தைக்கு மற்றவரின் நோட்டரி ஒப்புதல் வேண்டும்.

விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45 யூரோ. 6 வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெற்றோர், 14 வயதுப் பெண், 9 வயதுப் பையன் என நால்வர் போனால் 315 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் 31,500 ரூபாய். மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. கூரியர், குறுஞ்செய்தி, தனி ஓய்வறை ஆகியவை விருப்பச் சேவைகள்; வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது.

கைரேகைக்காக ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். 12 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு கைரேகை இல்லை. முன்பு ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்து 59 மாதங்கள் ஆகவில்லை என்றால் அதையே எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது.

5. கடவுச்சீட்டு திரும்பி வந்ததும்

மையத்தை விட்டு வெளியேறும் முன் விசா ஒட்டியைப் படியுங்கள். செல்லுபடியாகும் தேதிகள் வேறு, தங்க அனுமதிக்கப்பட்ட நாட்கள் வேறு. தேதிகள் ஒரு மாதத்துக்கு விரிந்திருந்தாலும் தங்கும் நாட்கள் 12 என்று இருந்தால் 12 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். ஒருமுறை நுழைவு மட்டும் என்று இருந்தால், இடையில் லண்டன் போய்விட்டு இத்தாலிக்குத் திரும்ப முடியாது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

ஃபிராங்ஃபர்ட், பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்குக் குடியேற்றச் சோதனை அந்த முதல் விமான நிலையத்திலேயே நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பா அறிமுகப்படுத்திய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் எல்லையில் முகப்படம் எடுத்து, விசாவுக்குக் கொடுத்த கைரேகையைச் சரிபார்ப்பதால், அத்தகைய இடங்களில் இரண்டு விமானங்களுக்கு இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள். தங்குமிடப் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும்.

6. ரயிலும் பேருந்தும்

ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினி நிலையத்துக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் போகிறது. கட்டணம் 14 யூரோ. அங்கிருந்து ஃபிளாரன்ஸுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அறிவிப்புப் பலகையில் ஃபிளாரன்ஸ் என்று இருக்காது, ஃபிரென்ஸே என்றுதான் இருக்கும். இறங்க வேண்டியது சாந்தா மரியா நொவெல்லா நிலையம். விரைவு ரயில் டிக்கெட்டை எவ்வளவு முன்னால் எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு. உள்ளூர் ரயில்களுக்கு விலை மாறுவதில்லை என்பதால் அவசரமில்லை.

உள்ளூர் ரயிலில்தான் பலர் அபராதம் கட்டுகிறார்கள். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை அருகே உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பெற வேண்டும். கைப்பேசியில் வாங்கிய டிக்கெட் என்றால் செக்-இன் செய்ய வேண்டுமா என்பதை ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். காகித டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை பெறாதவர், டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவார்.

குன்றின் மேல் ஊர், அடிவாரத்தில் ரயில் நிலையம் என்பது இந்தப் பகுதியின் அமைப்பு. அசிசி நிலையம் ஊருக்குச் சில கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில் ஏற வேண்டும். ஒர்வியெத்தோவில் நிலையத்தின் எதிரிலிருந்தே கம்பி இழுக்கும் ரயில் மேலே கொண்டுபோகிறது. பெருஜாவிலும் சியேனாவிலும் நகரும் படிக்கட்டுகள் உண்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் சிற்றூர்களை விட்டு இந்த ஊர்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஃபிளாரன்ஸிலிருந்து சியேனாவுக்கு ரயிலைவிடப் பேருந்து வசதி. ரயில் நிலையம் ஊருக்கு வெளியே கீழே இருக்க, பேருந்து பழைய நகரத்தின் விளிம்பிலேயே இறக்கிவிடுகிறது. பதினான்கு கோபுரங்கள் இன்னும் நிற்கும் சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது. போஜ்ஜிபொன்சியில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமப் பேருந்துகள் மிகக் குறைவு. இரவுக் கணக்கில் ஞாயிறு எந்த ஊரில் விழுகிறது என்று பாருங்கள். ரயில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலை நாட்களில் அப்போதும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடும்.

7. கார் எடுப்பதானால்

பியென்ஸா, மொன்தால்சீனோ போன்ற ஊர்களைக் கொண்ட வால் தோர்ச்சா பள்ளத்தாக்குக்குக் கார் இல்லாமல் போவது கடினம். ஆனால் கிராமப்புற மூன்று நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். ஃபிளாரன்ஸில் கார் சுமைதான். ஊரைப் பார்த்து முடித்த பிறகு டி2 டிராமில் விமான நிலையத்துக்குப் போய் அங்கே காரைப் பெற்றுக்கொண்டால் நகர நெரிசலைத் தொடவே வேண்டியதில்லை.

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம். மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் படிவம் 4ஏ வழியாக விண்ணப்பித்து, உங்கள் பகுதி ஆர்டிஓவில் பெறலாம். அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. உரிமம் தமிழ்நாட்டில் எடுத்ததாக இருந்தால் முகவரி குறித்து ஆர்டிஓவில் முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வாடகை நிறுவனம் வைப்புத்தொகையை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைக்கும். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆட்டோமேட்டிக் கார்கள் குறைவு, வாடகையும் அதிகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி, பழைய நகரங்களின் போக்குவரத்துத் தடை மண்டலம். இசட்டிஎல் என்ற மூன்று எழுத்துகளோடு சிவப்பு வட்டம் போட்ட பலகையும் கேமராவும் மட்டும் இருக்கும். தடுப்போ காவலரோ இருக்க மாட்டார்கள். நுழைந்தால் ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். தங்குமிடம் மண்டலத்துக்குள் இருந்தால், போய்ச் சேரும் முன்பே காரின் எண்ணை அவர்களிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதைவிட மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பது எளிது. வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் நிறுத்த இலவசம், நீலக் கோட்டில் கட்டணம், மஞ்சள் கோடு நமக்கில்லை. நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர், மழையில் 110. சுங்கச் சாவடியில் மஞ்சள் பலகையுள்ள டெலிபாஸ் வரிசை, நம் ஃபாஸ்டாக் போன்ற கருவி உள்ளவர்களுக்கு மட்டும்; அதில் நுழையாதீர்கள்.

8. தங்குமிடமும் சாப்பாடும்

பண்ணை வீடுகளை அங்கே அக்ரிதுரிஸ்மோ என்கிறார்கள். கோடையில் பல பண்ணைகள் குறைந்தது மூன்று இரவு, சில இடங்களில் சனி முதல் சனி வரை ஒரு வாரம் என்று நிபந்தனை வைக்கின்றன. ஏசி இருக்கிறதா, கடைசி சில கிலோமீட்டர் மண் சாலையா, இரவுச் சாப்பாடு தருவார்களா ஆகிய மூன்றையும் கேட்டுவிடுங்கள். இணையத்தில் வாடகை வீடு எடுத்தால் விளம்பரத்தில் சிஐஎன் என்ற தேசியப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 முதல் அது கட்டாயம். சுற்றுலா வரி அறை வாடகையில் சேராது. பல ஊர்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்குமிடத்தில் தனியாக வாங்குவார்கள், பலர் ரொக்கமாகவே கேட்பார்கள்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ரொட்டியும் காய்களும் போட்டுக் கொதிக்க வைக்கும் ரிபொல்லித்தா, தக்காளியும் ரொட்டியும் சேர்ந்த பாப்பா அல் பொமொதோரோ, தடித்த பீச்சி நூடுல்ஸ், உம்பிரியாவின் பயறுக் கூழ் எல்லாம் நம் நாக்குக்கு ஏற்றவை. சூப்பில் இறைச்சிச் சாறு, சாஸில் நெத்திலி, தட்டை ரொட்டியில் பன்றிக் கொழுப்பு ஆகியவை கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கலாம். “சென்சா கார்னே, சென்சா பேஷே” என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல் தரச் சொல்வதாகப் பொருள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பை நொதி சேர்வதால், கடுமையான சைவர்கள் அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு இரண்டரை மணியோடு முடியும். இரவு ஏழரைக்கு முன் சமையலறை திறக்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் அவல் மிக்ஸ்சரைக் கையில் வைத்திருப்பது உத்தமம். ரசீதில் கொபெர்த்தோ என்று தலைக்கு ஓரிரு யூரோ வந்தால் அது இருக்கைக் கட்டணம்.

ஃபிளாரன்ஸின் உஃபீட்சி ஓவியக் காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஃபிளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள். நேரம் குறித்து முன்பதிவு செய்தவர்களுக்கே அனுமதி. தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

9. பணமும், திரும்பிய பிறகு வரும் ரசீதுகளும்

யூரோவை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, கிரெடிட் கார்டு ஒன்று, ஆளுக்கு நூறு யூரோ ரொக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். கார்டு தேய்க்கும்போதோ ஏடிஎம்மிலோ ரூபாயில் கழிக்கவா என்று திரை கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாக இருக்கும். முகவரிடம் பேக்கேஜாக வாங்கினால், விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியான டிசிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கினால் வரித் திருப்பப் படிவம் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்க ஒப்புதல் பெற வேண்டும்.

கார் எடுத்தவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் பார்க்கிங் ரசீதுகளையும் ஓராண்டாவது வைத்திருங்கள். போக்குவரத்து அபராத அறிவிப்பை வெளிநாட்டவருக்கு அனுப்ப அங்கே 360 நாள் வரை அவகாசம் உண்டு. முதலில் கார்டில் கழியும் சிறு தொகை, உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் எடுக்கும் நிர்வாகக் கட்டணம் மட்டுமே. அதையே அபராதம் என்று நினைத்து அசந்துவிடாதீர்கள். அசல் அறிவிப்பு பின்னால் அஞ்சலில் வரும். அது கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால், பெரும்பாலான மீறல்களுக்கு அபராதத்தில் 30 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்.